மலைவெள்ளமும் மக்கள் காப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் மொழியைப் பற்றியும் கலையைப் பற்றியும் பேசுவதே வழக்கம். நான் இன்று தண்ணீரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வள்ளுவப் பெருந்தகை வான்சிறப்பு எனத் தனி அதிகாரம் வகுத்து, அதைக் கடவுள் வாழ்த்துக்கு அடுத்து வைத்தார். மழைக்கு ஏங்கிய மண்ணிலிருந்து வந்தவர்கள் நாம். நம் முன்னோர் வானம் பார்த்த பூமியை விட்டுப் பொன்முடி மலையிலும் போனக்காட்டிலும் தேயிலைத் தோட்டங்களில் உழைக்க வந்தனர். அங்கே மழை வாராதா என்று ஏங்கினர். இங்கே மழை நில்லாதா என்று ஏங்கினர். வறட்சியை அறிந்தவனுக்கு வெள்ளத்தை அறிவது தானாக வந்துவிடாது. ஏரிக்கரையில் வளர்ந்தவன் அறிந்த நீர் வேறு, மலையடிவாரத்து நீர் வேறு. இந்த வேற்றுமையை நாம் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே என் பேச்சின் நோக்கம்.

வித்துராவின் ஆறுகள்

நம் ஊரைச் சுற்றி ஓடும் நீரை முதலில் நினைத்துப் பாருங்கள். செம்முஞ்சி மொட்டை என்னும் உயர்ந்த மலைமுடியை ஒட்டி இரண்டு ஆறுகள் பிறக்கின்றன. ஒன்று வாமனபுரம் ஆறு. கல்லாறு அதன் மேற்பகுதியில் கலக்கும் ஓடை. ஏறத்தாழ 88 கிலோமீட்டர் ஓடி அஞ்சுதெங்குக் காயல் பக்கம் கடலை நாடுவது அது. மற்றொன்று கரமனை ஆறு. அதன் குறுக்கே 1983ஆம் ஆண்டில் பேப்பாறை அணை அமைந்தது. திருவனந்தபுரம் நகரத்தார் குடிக்கும் நீர் நம் மலையிலிருந்து இறங்கும் நீரே.

கல்லாறு என்ற பெயரைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தமிழிலும் மலையாளத்திலும் அதன் பொருள் ஒன்றுதான்: கற்கள் நிறைந்த ஆறு. அந்த ஆற்றின் நடுவே கிடக்கும் உருண்டைப் பாறைகளைக் கண்டு, எவ்வளவு அழகு என்று வியந்து, நகரத்திலிருந்து வருகிறவர்கள் படம் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தப் பாறைகளை அங்கே உருட்டி வந்தது யார்? அவற்றின் முனைகளைத் தேய்த்து வழவழப்பாக்கியது எது? முழங்கால் அளவில் சலசலத்து ஓடும் அந்த நீரேதான். யானைக்குட்டி அளவுள்ள கல்லை உருட்டிய நீர், வெள்ளம் வருகிற நாளில் மனிதனை எப்படி விட்டுவைக்கும்? பாறைகள் அழகுக்காக மட்டும் அங்கே கிடக்கவில்லை. ஆறு எழுதி வைத்த எச்சரிக்கை அவை.

வெள்ளம் எவ்வாறு வருகிறது

சமவெளியில் வெள்ளம் மெல்ல ஏறும். கரையில் நின்று பார்க்கலாம். பெட்டி படுக்கையைக் கட்டலாம். மாட்டை அவிழ்த்து ஓட்டலாம். மலைவெள்ளமோ கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை. காரணம் எளிது. மழை பெய்யும் இடம் ஒன்று, வெள்ளம் வந்து சேரும் இடம் மற்றொன்று. மேலே பொன்முடி ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே கொட்டும் மழை நமக்குத் தெரியாது. கீழே வெயில் அடிக்கும், துணி காயும், பிள்ளைகள் ஓடையில் விளையாடுவார்கள். சிறிது நேரத்தில் மேலே பெய்த மழை முழுவதும் ஒரே கால்வாயில் திரண்டு இறங்கிவிடும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். பிள்ளைகள் வீட்டிற்குப் போய்ச் சரிபார்க்கலாம். ஒரு சதுரக் கிலோமீட்டர் மலைச்சரிவில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுகிற நீர் பத்துக் கோடி லிட்டர். அதன் எடை ஒரு லட்சம் டன். பத்துச் சதுரக் கிலோமீட்டரில் அப்படிப் பெய்தால் பத்து லட்சம் டன். அதில் ஒரு பகுதியை மண் குடிக்கும். ஒரு பகுதியை மரங்கள் தாங்கும். பல நாள் மழையில் மண் ஊறிப்போயிருந்தால் அது மேலும் குடிக்க மறுத்துவிடும். அப்போது பெய்த நீரில் பெரும்பகுதி ஓடைக்கே வந்து சேரும்.

நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆகவேதான் விரைந்து ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழமே இருந்தாலும் வளர்ந்த மனிதனின் காலை வாரிவிடக்கூடும். 30 சென்டிமீட்டர் நீர் சிறிய காரை நகர்த்திவிடும். 60 சென்டிமீட்டர் நீர் பெரும்பாலான வண்டிகளை மிதக்கவைத்து இழுத்துச் சென்றுவிடும். “என் வண்டி கனமானது” என்று எண்ணுகிறவர், கனமான தோணி மிதப்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் பகுதிக்கு மழைக்காலம் இரண்டு. இடவப்பாதியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஒன்று. துலாவர்ஷம் என்று இங்குள்ளோர் அழைக்கும் ஐப்பசி மழை மற்றொன்று. இரண்டிலும் ஆபத்து உண்டு. ஆயினும் ஐப்பசி மழை நம்மை ஏமாற்றவல்லது. காலையில் வானம் தெளிந்திருக்கும். பிற்பகலில் மலைமேல் இடியும் மழையும் கூடும். பிள்ளைகள் பள்ளி விட்டுத் திரும்புவதும், தோட்ட வேலை முடிந்து பெண்கள் திரும்புவதும் அதே நேரத்தில்தான்.

பனி நாட்டுப் பாடம்

இவ்விடத்தில் நம் கண்ணை வெகுதொலைவுக்குச் செலுத்துவோம். இன்று தமிழர்கள் பெருந்தொகையாகக் கனடாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் வாழ்கின்றனர். நம் வீட்டுப் பிள்ளைகளும் படிப்பிற்காக அங்கே போகும் காலம் இது. அந்நாடுகளில் குளிர்காலத்தில் ஆறுகள் உறைந்துவிடுகின்றன. குளிர் தணிந்து பனி உருகத் தொடங்கும்போது, ஆற்றின் மேலிருந்த பனிக்கட்டி பாளம் பாளமாக உடைந்து மிதந்து வருகிறது. பாலத்தின் தூண்களிலோ ஆற்றின் வளைவிலோ அந்தப் பாளங்கள் சிக்கி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அணைபோல் நிற்கின்றன. அதன் பின்னே நீர் ஏறுகிறது, ஊர் மூழ்குகிறது. அணை உடைந்தாலோ கீழே இருக்கும் ஊருக்குக் கேடு. ரஷ்யாவின் சைபீரியப் பகுதியில் லேனா ஆற்றங்கரையிலுள்ள லேன்ஸ்க் என்னும் நகரம் 2001ஆம் ஆண்டு மே மாதத்தில் இத்தகைய பனிக்கட்டி அடைப்பினாலேயே வெள்ளத்தில் மூழ்கிப் பேரழிவுக்கு உள்ளாயிற்று.

பனியே காணாத வித்துராவிற்கு இந்தக் கதை எதற்கு என்று கேட்பீர்கள். நம் ஓடையில் பனிப்பாளம் இல்லை. ஆனால் முறிந்த மரங்கள் உண்டு, மூங்கில் உண்டு, சரிந்த மண் உண்டு. அவை கலுங்கின் வாயிலோ குறுகிய பாறையிடுக்கிலோ அடைத்துக்கொள்ளும். அப்போது கீழே ஓடும் நீர் திடீரென்று குறையும். விவரம் அறியாதவன், “வெள்ளம் வடிந்துவிட்டது, இப்போது கடக்கலாம்” என்று காலை வைப்பான். அடைப்பு உடையும் நேரமும் அதுவாகவே இருக்கக்கூடும். மழை நாளில் ஓடை சட்டென்று வற்றினால் அதைத் தப்பி ஓடுவதற்கான அழைப்பாகக் கொள்ள வேண்டும்.

மற்றொரு பாடமும் உண்டு. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், குளிர்காலத்தில், உத்தராகண்ட் மாநிலத்துச் சமோலி மாவட்டத்தில் மலையுச்சியிலிருந்து பாறையும் பனியும் சேர்ந்து சரிந்து விழுந்தன. ரிஷிகங்கை ஆற்றில் பெருவெள்ளம் எழுந்தது. நீர்மின் நிலையங்களில் வேலை செய்தோர் உட்பட இருநூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காணாமற்போயினர். அன்று அங்கே மழையே இல்லை. தலைக்குமேல் வானம் தெளிந்திருப்பது ஆறு அமைதியாக இருக்கும் என்பதற்கு உறுதிச்சீட்டு ஆகாது.

நம் அருகில் நடந்தவை

தொலைவிற் போக வேண்டுவதில்லை. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், ஓணம் நெருங்கிய வேளையில், பாலோட்டை அடுத்த மங்கயத்து ஓடையில் குடும்பத்தோடு நீராடியவர்களைத் திடீர் மலைவெள்ளம் அடித்துச் சென்றது. ஒரு சிறுமியும் ஒரு பெண்ணும் மாண்டனர். அடுத்த மாதமே நம் கல்லாற்றின் வட்டக்கயத்தில் மூவர் மூழ்கி இறந்தனர். கயம் என்பது பழந்தமிழ்ச் சொல். ஆழ்ந்த நீர்நிலை என்று பொருள். நாம் மறந்துபோன சொல்லை மலையாளம் காத்து வைத்திருக்கிறது. ஆற்றில் எந்த இடத்தையேனும் கயம் என்று ஊரார் அழைத்தால், அந்தப் பெயரே எச்சரிக்கைப் பலகை.

2001ஆம் ஆண்டு நவம்பரில் நம் மாவட்டத்து அம்பூரியில் மலை சரிந்து நாற்பது பேரளவில் மாண்டனர். அதுவும் ஐப்பசி மழைக்காலமே. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் நிகழ்ந்ததை நான் சொல்லவும் வேண்டுமா? மண்ணுக்குள் புதையுண்டவை தேயிலைத் தொழிலாளரின் லயங்கள். மறைந்த எழுபது பேரில் மிகப் பெரும்பாலோர் நம்மைப் போன்ற தமிழ்க் குடும்பத்தார். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, செய்தி வெளியுலகிற்கு எட்டியது மறுநாட் காலையில். 2024ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் நேர்ந்த பேரிடர் அதனினும் பெரிது. அதுவும் இருளில்தான் வந்தது. பகலில் வந்திருந்தால் பலர் பார்த்திருப்பர், ஓடியிருப்பர். ஆகவே, இரவுக்கான முடிவைப் பகலிலேயே எடுக்க வேண்டும்.

அறிகுறிகளும் எச்சரிக்கைகளும்

இனிச் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். முதலாவது, அறிகுறிகளை அறிதல். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கிச் செம்மண் நிறம் கொள்ளுதல், இலையும் சுள்ளியும் மிதந்து வருதல், ஓடையின் ஓசை மாறி உறுமுதல், மண்வாடை எழுதல், நீர் சட்டென ஏறுதல் அல்லது குறைதல் - இவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே கரையேறி மேட்டுக்குச் செல்ல வேண்டும். செருப்பை எடுக்கத் திரும்பாதீர்கள். துணி அலசிய வாளியை எடுக்கத் திரும்பாதீர்கள். ஓடையின் வழியே கீழ்நோக்கி ஓடாதீர்கள், பக்கவாட்டில் மேடேறுங்கள். வீட்டைச் சுற்றித் தரையில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென ஊறும் நீரூற்று, மூட மறுக்கும் கதவு ஆகியவை உருள்பொட்டலுக்கு முன்னறிவிப்பு ஆகலாம். கண்டவுடன் இடம் பெயர வேண்டும்.

இரண்டாவது, அரசின் எச்சரிக்கையைப் புரிந்துகொள்ளுதல். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வது கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கும் மேற்பட்டது அதீதக் கனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நிறங்கள் பொதுவாக இந்த அளவுகளை ஒட்டியே அறிவிக்கப்படுகின்றன. இந்த அறிவிப்பு நமக்கு மலையாளத்தில் வருகிறது. நம் பிள்ளைகள் அதைப் படிப்பார்கள். நம் பாட்டிமார் படிக்கமாட்டார்கள். பேரன் பள்ளிக்குப் போனபின் வீட்டில் தனித்திருக்கும் கிழவிக்கு யார் சொல்வது? மொழி தெரியாமையால் ஓர் உயிர் போகுமானால், தமிழுக்கென்று ஒரு சங்கம் வைத்திருக்கும் நமக்கு அதைவிட இழுக்கு வேறில்லை.

காக்கப் போகிறவர் காக்கும் முறை

மூன்றாவது, பிறரைக் காக்கும் முறை. நீரில் ஒருவர் தத்தளித்தால் அடுத்தவர் குதிப்பதும், அவரையும் சேர்த்து இருவரை இழப்பதும் நாம் அடிக்கடி கேட்கும் செய்தி. பனி நாடுகளில் ஒரு விதி உண்டு. உடைந்த பனிக்கட்டியில் விழுந்தவனை நோக்கி நடந்து செல்லக் கூடாது. ஒருவனைத் தாங்காத பனி இருவரைத் தாங்காது. உறுதியான இடத்தில் படுத்துக்கொண்டு கழியை நீட்ட வேண்டும், கயிற்றை எறிய வேண்டும். அதே விதி நம் கயத்திற்கும் பொருந்தும். கழியை நீட்டுங்கள்; கயிற்றை வீசுங்கள்; இரண்டு சேலைகளை முடிந்து எறியுங்கள்; வாய் மூடிய வெறும் பிளாஸ்டிக் கேனைத் தூக்கிப் போடுங்கள், அது மிதவையாகும். கரையில் நிற்பவர் ஏதேனும் ஒரு மரத்தைப் பற்றிக்கொள்ளட்டும். அதற்குள் ஒருவர் 112 அல்லது தீயணைப்புப் படையின் 101 எண்ணை அழைக்கட்டும். மாவட்டப் பேரிடர் நிலையத்தின் எண் 1077.

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்து மீனவர்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று ஆயிரக்கணக்கானோரை மீட்டனர். அவர்கள் துணிவைப் போற்றாதார் இல்லை. ஆயினும் அவர்கள் வெறுங்கையுடன் போகவில்லை. படகோடும், நீரைப் பற்றிய பழக்கத்தோடும் போனார்கள். துணிவுக்குக் கருவியும் அறிவும் வேண்டும்.

வெள்ளம் வடிந்தபின்னும் கேடு தொடரும். கிணற்றை இறைத்துப் பிளீச்சிங் பவுடர் இட்டுத் தூய்மை செய்யும்வரை அந்நீரைப் பயன்படுத்தாதீர்கள். குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். சேற்றில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் அவ்வழியே வரும். காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் “வெள்ளத்தில் இறங்கினேன்” என்று மறவாமற் சொல்லுங்கள். நனைந்த வீட்டில் மின்சுவிட்சைத் தொடாதீர்கள்.

சங்கத்திற்கு என் வேண்டுகோள்

நான் சொன்னவற்றைக் கேட்டுத் தலையசைப்பது எளிது. கடைப்பிடிப்பது ஏன் கடினம் என்பதையும் வெளிப்படையாகப் பேசுவோம். காலையில் ஓடை கலங்கி ஓடுகிறது. அக்கரையில் வேலை காத்திருக்கிறது. கடக்காவிட்டால் ஒரு நாட்கூலி போய்விடும். கூலி போனால் அடுப்பு என்னாவது? அந்தப் பெண் ஆபத்தை அறியாமல் ஓடையில் இறங்குவதில்லை, அறிந்தே இறங்குகிறாள். அவளிடம் அறிவுரை மட்டும் சொல்லி என்ன பயன்? பெட்டியிலுள்ள பணத்தில் ஒரு பகுதியை மழை நிதி என்று ஒதுக்குவோம். ஓடை கடக்க இயலாத நாளில் கூலி இழந்தவருக்குச் சங்கம் அரிசியேனும் கொடுக்கட்டும். விழாவிற்கு ஒரு தோரணம் குறைந்தால் குறையட்டும்.

மேலும் சில பணிகள். ஓடை கடக்கும் இடத்தில் ஒரு கம்பம் நட்டு வண்ணக் கோடுகள் இடுவோம். அடியில் வெள்ளை, கணுக்காலுக்கு மேல் சிவப்பு. நீர் சிவப்பைத் தொட்டால் யாரும் கடக்கலாகாது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாகாது. பள்ளித் தலைமையாசிரியரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைப்போம். நேரான பக்கங்களையுடைய ஒரு தகரப் பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அதிலுள்ள நீரின் உயரத்தை அடிக்கோலால் அளந்தால், அதுவே மழை அளவு. இப்பணியை உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏற்கட்டும். படிப்புக்குப் படிப்பு, காப்புக்குக் காப்பு.

மேல் காலனியில் இருப்பவர் மழையைக் கண்டால் கீழ்க் காலனிக்குத் தொலைபேசியில் சொல்லும் ஒழுங்கு வேண்டும். தொலைபேசி செயலற்றால் தகரத்தைத் தட்டுவோம். தட்டும் ஓசைக்கு ஒரே பொருள்தான்: மேடேறு. நடக்க இயலாத முதியோர், கருவுற்ற தாய்மார், கைக்குழந்தைகள் உள்ள வீடுகளின் பட்டியல் ஒன்று எழுதி, ஒவ்வொரு வீட்டிற்கும் இரண்டு இளைஞர்களைப் பொறுப்பாக்குவோம். சிவப்பு எச்சரிக்கை வந்த நாளில், இருட்டும் முன்னரே சரிவையொட்டிய வீட்டார் பாதுகாப்பான கட்டடத்தில் வந்து தங்கட்டும். பத்து முறை வந்து தங்கி ஒன்றும் நேராமற்போனால், “வீண் அலைச்சல்” என்று சிலர் முணுமுணுப்பர். முணுமுணுக்க உயிரோடு இருக்கிறார்களே, அதுவே நமக்கு ஆதாயம்.

பெரியோர்களே! நம் முன்னோர் இம்மலையில் ஏறியபோது அவர்களுக்கு எச்சரிக்கை சொல்ல யாரும் இல்லை. அட்டைக்கடியும் காய்ச்சலும் குளிரும் தாங்கி, நமக்கு ஒரு வாழ்வைத் தேடி வைத்தனர். இன்று நமக்குச் சாலை உண்டு, பள்ளி உண்டு, கைப்பேசி உண்டு, சங்கம் உண்டு. இத்தனையும் இருந்து ஒரு பிள்ளையை ஓடைக்குப் பறிகொடுத்தோமானால், அதை விதியின்மேல் சுமத்த முடியாது. அடுத்த இடவப்பாதிக்கு முன் அந்தக் கம்பம் ஓடைக்கரையில் நிற்க வேண்டும். கம்பம் நட வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எத்தனை இளைஞர்கள் வருவீர்கள் என்பதை, இக்கூட்டம் கலையும் முன்னரே செயலாளரிடம் பெயர் கொடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.